போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? பைக் இன்ஜின் மரைக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பைக் இன்ஜினில் மரை (போல்ட் ஏறும் திருகுப் பள்ளம்) போவது பெரும்பாலும் வண்டி ஓடும்போது நடப்பதில்லை. ஆயில் மாற்றும்போதும் கிளட்ச் பிளேட் மாற்றும்போதும், "இன்னும் ஒரு இழுப்பு, பத்திரமா இருக்கட்டும்" என்று யாரோ டி ஸ்பானரை அழுத்தும்போதுதான் நடக்கிறது. போல்ட் எஃகு, அது போய் உட்காரும் மரை அலுமினியம். மோதினால் தோற்பது அலுமினியம்தான். போல்ட் போனால் கடையில் இன்னொன்று வாங்கிவிடலாம். மரை போனால் இன்ஜின் கேஸில் வேலை.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊரில் அதிகம் ஓடும் 100 முதல் 150 சிசி வண்டிகளை மனதில் வைத்து. பெரிய வண்டிக்கும் முறை இதேதான், எண்கள் மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்கள்

ஸ்பானர் நம்பரை போல்ட் சைஸ் என்று நினைத்துக்கொள்வது பரவலான குழப்பம். கிளட்ச் கவரில் 8-ஆம் நம்பரோ 10-ஆம் நம்பரோ ஸ்பானர் போட்டுக் கழற்றுகிறீர்களே, அந்த போல்ட்டின் தண்டு வெறும் 6 மி.மீ. தான். அதாவது எம்6, மரை இடைவெளி 1 மி.மீ. தலை 12 மி.மீ. என்றால் வழக்கமாக எம்8. கீழே இருக்கும் ஆயில் ட்ரெயின் போல்ட் பல வண்டிகளில் எம்12, தலை 17.

இறுக்கும் முறுக்கு எம்6-க்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். எம்8-க்கு 22-க்குப் பக்கம். எம்12 ட்ரெயின் போல்ட்டுக்கு 25-க்குப் பக்கம். பழைய மேனுவல்களில் இதையே கிலோகிராம்-மீட்டர் (kgf-m) கணக்கில் 1.0, 2.2, 2.5 என்று போட்டிருப்பார்கள். இன்னும் சில டார்க் ரெஞ்சுகளில் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பானர்) அடி-பவுண்டு அளவும் இருக்கும். அந்தப் பக்கம் பார்த்து 10 வைத்தால் உண்மையில் 13.6 நியூட்டன் மீட்டர் ஏறிவிடும். எம்6-க்கு அது அதிகம்.

ரெஞ்ச் வாங்குவதாக இருந்தால் 5 முதல் 25 வரை அளக்கும் சிறியதை வாங்குங்கள். 40-இல் தொடங்கும் பெரிய ரெஞ்சால் இந்த இன்ஜினில் பாதி வேலை ஆகாது. எந்த ரெஞ்சும் அதன் அளவின் அடிமட்டத்தில் சரியாகக் காட்டாது. வைத்த அளவு வந்ததும் ரெஞ்ச் "டக்" என்னும், அதோடு நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது "டக்" கேட்டுப் பார்ப்பது ரொம்பப் பேருக்கு உள்ள கெட்ட பழக்கம்.

ரெஞ்ச் இல்லையா? பை எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று போதும். ரிங் ஸ்பானரை போல்ட்டில் மாட்டி, போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 10 செ.மீ. தள்ளித் தராசின் கொக்கியை மாட்டுங்கள். ஸ்பானருக்குச் செங்குத்தாக இழுங்கள். 10 கிலோ காட்டும்போது எம்6-க்கு வேண்டிய 10 நியூட்டன் மீட்டர் வந்துவிட்டது. எம்8-க்கு 15 செ.மீ. தள்ளி 15 கிலோ. ட்ரெயின் போல்ட்டுக்கு 20 செ.மீ. தள்ளி பன்னிரண்டரை கிலோ. நாலைந்து போல்ட் இப்படிப் போட்ட பிறகு, அடேயப்பா, இவ்வளவு குறைவாகவா என்று கைக்கே தெரியும். டி ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்துத் திருகுகிறவர் எம்6-இல் இதைப்போல இரு மடங்கை யோசிக்காமலே கொடுத்துவிடுகிறார்.

இன்னொன்று. இந்த எண்கள் காய்ந்த, சுத்தமான மரைக்கு. கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். மிச்சம்தான் போல்ட்டை இழுத்து நீட்டுகிறது, அந்த இழுவிசைதான் கவரைப் பிடித்துவைக்கிறது. மரையில் ஆயிலோ கிரீஸோ இருந்தால் உராய்வு குறையும், அதே 10-க்கு போல்ட் கூடுதலாக இழுபடும். மேனுவலில் "ஆயில் தடவி இறுக்கவும்" என்று போட்டிருக்கும் இடங்களில் (சிலிண்டர் ஹெட் நட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான்) மட்டும் தடவுங்கள்.

ஆயில் கசிகிறது, எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை

இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். 10 நியூட்டன் மீட்டரில் நிற்காத கசிவு 15-இலும் நிற்காது, மரைதான் போகும். கசிவுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

கவரைக் கழற்றி, கவருக்கும் கேஸுக்கும் நடுவே உள்ள பேக்கிங்கைப் பாருங்கள். ஒரு முறை நசுங்கிய காகித பேக்கிங் மறுமுறை சரியாக உட்காராது. பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டியிருந்தால் அலுமினிய முகத்தில் கீறல் இருக்கும், ஆயில் அந்தக் கீறல் வழியாகவே வரும். நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும். ஒரே பக்கத்து போல்ட்டுகளை முதலில் முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போயிருந்தால் கவர் கோணலாக உட்கார்ந்திருக்கும். எல்லா போல்ட்டையும் விரலால் உட்காரவைத்து, எதிரெதிராகப் பாதி முறுக்குக்கு ஒரு சுற்று, முழு முறுக்குக்கு ஒரு சுற்று என்று வர வேண்டும்.

ட்ரெயின் போல்ட் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். அந்த அலுமினிய அல்லது செம்பு வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. நாலு ஆயில் மாற்றத்துக்கு அதே வாஷரைப் போட்டு, கசிகிறதே என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி இறுக்கிக்கொண்டே வந்தால் ஐந்தாவது முறை மரை கையோடு வரும். சில ரூபாய் வாஷர் அது. பிளம்பர் டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்சீல் அப்புவது எல்லாம் அடுத்த ஆயில் மாற்றத்தில் பிரச்சினையைப் பெரிதாக்கும்.

போல்ட் டைட், ஆனால் கவர் லூஸ்

போல்ட் நன்றாக இறுகி நிற்கிறது, தலைக்குக் கீழே மெல்லிய இடைவெளி தெரிகிறது. அல்லது வாஷரை விரலால் சுற்ற முடிகிறது. போல்ட் குழியின் அடியில் முட்டிவிட்டது என்று அர்த்தம். கிளட்ச் கவர், மேக்னெட் கவர் இரண்டிலும் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது, கழற்றித் தட்டில் கொட்டினால் இடம் மாறிவிடும். நீளமானது குட்டைக் குழிக்குப் போனால் முட்டும். குட்டையானது நீளக் குழிக்குப் போனால் நாலு மரை மட்டுமே பிடித்திருக்கும், முதல் நல்ல இழுப்பில் அந்த நாலும் போகும். அலுமினியத்தில் எம்6 போல்ட் குறைந்தது 9 மி.மீ. உள்ளே போயிருக்க வேண்டும், 12 இருந்தால் நிம்மதி.

அட்டைப்பெட்டியில் கவரின் வடிவத்தை வரைந்து, துளை போட்டு, கழற்றும் போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்திவைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அதற்கு ஈடான முறை வேறு இல்லை. போட்டோ எடுத்துவைத்தால் போல்ட்டின் நீளம் அதில் தெரியாது.

அடி மூடிய குழியில் ஆயில் தேங்கியிருந்தாலும் இதே அறிகுறி வரும். ஆயில் அமுங்காது. போல்ட் அதை அழுத்த, அழுத்தம் கேஸின் மேல் போய் விரிசலே விழலாம். பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

இறுகிக்கொண்டே வந்து, சட்டென்று இலகுவாகிறது

இதுதான் கவனித்தே ஆக வேண்டிய அறிகுறி. கை உணர்வு பஞ்சு போல ஆகும், ஸ்பானர் நகரும், முறுக்கு கூடாது. அந்த நொடியில் நிறுத்திவிட்டால் பல சமயம் சின்ன வேலையோடு போய்விடும்.

போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மரைக்குள் வெள்ளிக் கம்பிச் சுருள் மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் அது இன்ஜின் கேஸின் மரை, உரிந்து வந்துவிட்டது. அடுத்த பகுதிக்குப் போங்கள். மரை சுத்தமாக இருந்தால் சந்தேகம் போல்ட் மேல். அதே சைஸ் புது போல்ட் ஒன்றை எடுத்து, இரண்டின் மரையும் பல்லுக்குப் பல் பொருந்துமாறு பக்கவாட்டில் ஒட்டிவைத்து, விளக்குக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் எங்காவது பல் விலகி வெளிச்சம் தெரிந்தால் போல்ட் நீண்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள். பாத்திரம் மாதிரிப் பளபளக்கிறது என்று வாங்கிப் போடும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளில் பெரும்பாலானவை கம்பெனி கொடுக்கும் 8.8 வலிமை ரக போல்ட்டைவிட மென்மையானவை. கடலோர ஊர்களில் அலுமினியத்தோடு சேர்ந்து உப்பு பூத்து இறுகியும் போகும். அழகுக்காக அவற்றை இன்ஜினில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிப்பே இல்லை

மரை போய்விட்டது. போல்ட் வெளியே வரவும் மறுத்தால், தலைக்கு அடியில் தட்டையான ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கொடுத்து, வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே கழற்றும் திசையில் சுற்றுங்கள். பேக்கிங் முகத்தில் ஊன்றி நெம்ப வேண்டாம்.

உடனே லேத் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை. குழியை அளந்து பாருங்கள். ஊதுபத்திக் குச்சியை உள்ளே விட்டு, விளிம்பில் நகத்தால் பிடித்து எடுத்து அளக்கலாம். சில குழிகளில் போல்ட் எட்டும் ஆழத்துக்கு அப்பாலும் நல்ல மரை மிச்சம் இருக்கும். இறுக்கும்போது வெளிப்பக்கத்து முதல் மரைதான் மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது, ஆகவே முதலில் போவதும் அந்தப் பக்கம்தான். குழியின் ஆழம், கவரின் தடிமன் இரண்டையும் கூட்டி 2 மி.மீ. கழித்தால் வருகிற நீளத்தில் ஒரு போல்ட் வாங்கிப் போட்டுப் பாருங்கள். 5 மி.மீ. நீளம் கூடுதலாக இருந்தாலே வேலை முடிந்துவிடலாம். விரலால் நாலைந்து சுற்று நல்ல மரையில் ஏறினால்தான் இது செல்லும்.

அது நடக்கவில்லை என்றால் ஹெலிகாயில். எஃகுக் கம்பியைச் சுருளாக்கிச் செய்த மரை அது. குழியைப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரை வெட்டி, சுருளை உள்ளே ஏற்றினால் அதே பழைய எம்6 போல்ட் மறுபடி பொருந்தும். அலுமினிய மரையைவிட இது உறுதி. எம்6-க்கு 6.3 மி.மீ. டிரில் பிட், எம்8-க்கு 8.3 அல்லது 8.4. கிட் பெட்டியில் எழுதியிருக்கும், டேப்பும் அதிலேயே வரும். சாதாரண எம்7, எம்8 டேப் இதற்கு ஆகாது.

வேலையில் தவறு நடப்பது டிரில் போடும்போதுதான். பிட்டில் குழியின் ஆழத்துக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒரு கொடி மாதிரி விட்டுவையுங்கள், கொடி கேஸைத் தொட்டதும் நிறுத்தலாம். அதைத் தாண்டினால் சில இடங்களில் உள்பக்கம் ஓட்டை விழும். பிட் நேராக நிற்கிறதா என்று தச்சர் மூலைமட்டத்தை வைத்து இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று சொன்னால் நல்லது. வேகம் குறைவாக. அப்புறம் டேப்பைக் கையால்தான் ஏற்ற வேண்டும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். ஒவ்வொரு முறை பின்னால் வரும்போதும் துருவல் ஒடிவது விரலுக்குத் தெரியும். அலுமினியம் டேப்பில் அப்பிக்கொள்ளாமல் இருக்க மண்ணெண்ணெய் ஒரு சொட்டு. கிடைக்காவிட்டால் டபிள்யூடி-40.

துருவலைச் சுத்தமாக ஊதி எடுத்த பிறகு சுருளைக் கருவியில் மாட்டி, அழுத்தாமல் சுற்றி இறக்குங்கள். மேல் விளிம்பிலிருந்து கால் முதல் அரைச் சுற்று உள்ளே போய் நிற்க வேண்டும். வெளியே துருத்தினால் கவர் உட்காராது. அடியில் குறுக்காக இருக்கும் சின்ன வாலை பஞ்ச் கருவியால் ஒரு தட்டு தட்டினால் ஒடிந்துவிடும். அதை கிரீஸ் தடவிய குச்சியால் மறக்காமல் எடுத்துவிடுங்கள், கியர் பெட்டிக்குள் சுற்ற வேண்டிய பொருள் அல்ல அது.

லேத்தில் வேறு இரண்டு வழி சொல்வார்கள். எம்8-க்கு மாற்றி மரை வெட்டிவிடுவது ஒன்று: சுற்றிலும் சதை இருக்கிற இடத்தில் ஓகே, ஆனால் கவரின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும். ஆர்கான் வெல்டிங்கில் குழியை நிரப்பிப் புதிதாக மரை போடுவது இன்னொன்று: விளிம்பே உடைந்துபோன இடத்துக்கு அதுதான் வழி, மற்ற இடத்துக்கு அந்தச் சூடு தேவையில்லை.

ட்ரெயின் போல்ட் மரை போய்விட்டது

கடையில் ஓவர்சைஸ் ட்ரெயின் போல்ட் கிடைக்கும், தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும். அவசரத்துக்கு ஓடும். ஆனால் கோணலாக ஏறினால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து கசியும், அடுத்த முறை கழற்றும்போது இன்னும் கொஞ்சம் அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டு வரும். நிரந்தரமாகச் செய்வதானால் ஹெலிகாயில், அல்லது 12.5 பிட் போட்டு எம்14, 1.5 இடைவெளியில் மரை வெட்டுவது.

இங்கே துருவல் நேராக ஆயில் அறைக்குள் விழும். டேப்பின் பள்ளங்களில் கெட்டியாக கிரீஸ் அப்பிக்கொண்டு வெட்டினால் பெரும்பகுதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வெட்டி முடித்ததும் மலிவான ஆயிலைக் கொஞ்சம் மேலே ஊற்றி கீழே வடியவிடுங்கள், இன்ஜினைச் சுற்றாமல். பல 100 சிசி இன்ஜின்களில் கிளட்ச் கவருக்குள் இருக்கும் கம்பி வலைதான் ஆயிலின் முதல் வடிகட்டி. அதையும் கழற்றிக் கழுவிவிடுவது உத்தமம்.

முதல் சுற்றிலேயே முரண்டு பிடிக்கிறது

மரை குறுக்காக ஏறுகிறது. ஸ்பானரைக் கீழே வையுங்கள். போல்ட்டை விரலால் பிடித்து, கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் "டிக்" என்று இறங்கும். மரையின் தொடக்கம் அதுதான், அங்கிருந்து முன்னால் சுற்றினால் நேராக ஏறும். எந்த இன்ஜின் போல்ட்டையும் குறைந்தது மூன்று சுற்று விரலாலேயே ஏற்றிய பிறகுதான் கருவி.

மரையில் அழுக்கோ பழைய லாக்டைட்டோ (போல்ட் கழலாமல் இருக்க மரையில் விடும் பசை) இருந்தால், அதே சைஸ் பழைய போல்ட் ஒன்றின் தண்டில் ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு பள்ளம் அறுத்து, அதை ஏற்றி இறக்குங்கள். அழுக்கு பள்ளத்தில் சேரும். புது டேப் விட்டால் இருக்கிற மரையையும் சேர்த்துச் சீவிவிடும்.

தலை வழுக்குகிறது, அல்லது ஒடிந்துவிட்டது

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. பக்கக் கவரில் கூட்டல் குறி ஸ்க்ரூ. அவை ஜப்பானிய அளவில் செய்தவை, நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் முழு ஆழத்துக்கு உட்காராமல் மேலே ஏறி வழுக்கும். சுத்தியலால் அடித்தால் சுற்றும் இம்பாக்ட் டிரைவர் வாங்கிவிடுங்கள், இரண்டு அடியில் இளகும்.

ஒடிந்த போல்ட்டில், கவரை எடுத்த பிறகு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். கேஸைச் சூடாக்கி வைஸ் கிரிப்பில் பிடித்துச் சுற்றினால் வரும். அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அதனால் பிடிப்பு இளகும். பக்கத்தில் பெட்ரோல் டியூபும் கார்புரேட்டரும் இருக்கிறது என்பதை மறந்து டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள், ஹாட் ஏர் கன் போதும். தண்டு உள்ளே ஒடிந்திருந்தால் சரியாக மையத்தில் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் தொடங்க வேண்டும். ஒடிந்த தண்டை எடுக்கும் ஈஸி அவுட் என்ற கருவியை நம்பிக் கண்மூடித்தனமாக முறுக்க வேண்டாம். அது கடினமான எஃகு, உள்ளே ஒடிந்தால் எந்த டிரில்லும் அதில் ஏறாது. கையில் நடுக்கம் இருந்தால் இந்த இடத்தில் லேத்துக்காரரிடம் விட்டுவிடலாம், வெட்கமில்லை.

சைலன்சர் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) தனி ரகம். துருவும் சூடும் சேர்ந்து நட்டை ஒட்டவைத்திருக்கும். துரு இளக்கும் ஆயிலை முந்தின நாள் இரவே அடித்துவைத்து, மறுநாள் இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்கி என்று முன்னும் பின்னுமாக எடுங்கள். போடும்போது செம்பு கிரீஸ்.

ஸ்பார்க் பிளக் பக்கம் "ஸ்ஸ்" சத்தம், கறுப்புக் கசிவு

பிளக் லூஸாக இருக்கலாம், மரை போயிருக்கலாம். இந்த வகை 100 சிசி இன்ஜின்கள் பலவற்றில் பிளக் மரை 10 மி.மீ. தான், 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். ரெஞ்ச் இல்லையென்றால் புது பிளக்கைக் கையால் முட்டும்வரை ஏற்றி, அப்புறம் அரைச் சுற்று. ஏற்கெனவே போட்டுக் கழற்றிய பிளக் என்றால் அதன் வாஷர் நசுங்கிவிட்டது, முட்டியதும் சின்னத் திருப்பம் போதும். இன்ஜின் ஆறிய பிறகுதான் கழற்றுவதும் போடுவதும். மரை போயிருந்தால் ஹெட்டைக் கழற்றி எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். வண்டியிலேயே வைத்து டேப் விட்டால் துருவல் பிஸ்டன் மேல் விழும்.

ஹெட்டை மறுபடி ஏற்றும்போது நாலு நட்டும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்காதீர்கள். சில இன்ஜின்களில் ஒரு ஸ்டட்டை ஒட்டியே ஆயில் மேலே ஏறும், அங்கே தொப்பி நட்டும் செம்பு வாஷரும் வரும். இடம் மாறினால் ஹெட்டிலிருந்து ஆயில் வழியும், பேக்கிங் மேல் பழி விழும்.

தானாகவே கழன்று வருகிறது

இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளில் இது சகஜம். நைலான் வளையம் உள்ள லாக் நட் என்றால், விரலால் சுற்றும்போதே தடையில்லாமல் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அதன் ஆயுள் முடிந்தது, புதிது போடுங்கள். ஒழுங்காக இறுக்கிய பிறகு தலையிலிருந்து கேஸ்வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டால், கழல்கிறதா என்று அடுத்த முறை வண்டி துடைக்கும்போதே தெரிந்துவிடும்.

உள்பக்க போல்ட்டுகளுக்கு நீல நிற லாக்டைட், 243, ஒரு சொட்டு. மரையில் ஆயில் இல்லாமல் துடைத்துவிட்டுப் போட்டு, முழுப் பிடிப்பு வர ஒரு நாள் விடுங்கள். சிவப்பு ரகத்தை எம்6 பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதை இளக்க நல்ல சூடு வேண்டும், சூடாக்காமல் ஸ்பானர் போடுகிற அடுத்த மெக்கானிக் போல்ட்டை ஒடித்துவிட்டுத்தான் நிறுத்துவார்.